நாலாவது ஆள்

கமெராவுக்குப் பின்னால் நிற்பவனுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அவனுடைய முகத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. அந்த வசதியை நம்பித்தான் நான் பல வருடங்களாகக் கலியாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்கிறேன். ஏனென்றால் நான் ஒரு பயந்தாங்கொள்ளி. தாலி கட்டும் நேரம் பார்த்து பற்றரி செத்துவிடுமோ என்று பயம். மாப்பிள்ளையின் தாய் தன்னை வடிவாக எடுக்கவில்லை என்று சண்டைக்கு வருவாவோ என்று பயம். வாசலில் கட்டிய வாழைக்குலை தலையில் விழுந்துவிடுமோ என்றும் பயம் (விழுந்திருக்கிறது, அதைப் பற்றி இங்கே வேண்டாம்). ஆனால் இதெல்லாம் தொழில் பயம். தகப்பனானவனுடைய பயம் வேறு சாமான். அது எனக்குத் தெரிய வந்தது எங்கள் மகள் ஆதிரை பிறந்து முப்பத்தோராம் நாள்.

ஊரார் பிள்ளைகளை எல்லாம் படம் எடுத்த எனக்கு என்னுடைய பிள்ளையைப் படம் எடுக்க ஒரு மாதமாக அனுமதி கிடைக்கவில்லை. “முப்பத்தொண்டு கழியட்டும். அதுக்கு முதல் பிள்ளைக்குக் கமெராவைக் காட்டக்கூடாது. கண்ணூறு படும்” என்று என் மனைவி சுகந்தி சொல்லிவிட்டாள். சுகந்தி பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். பத்தாம் வகுப்புக்கு ஒளிமுறிவை விளங்கப்படுத்துகிற அதே வாயால்தான் கண்ணூறைப் பற்றியும் சொன்னாள். கேட்டால், “நான் உதுகளை நம்பிறேல்லை. ஆனா ஏன் வீண் வில்லங்கம்?” என்பாள். (எங்கள் ஊரில் பாதிப்பேருடைய சமயம் இதுதான்.)

முப்பத்தோராம் நாள் வந்தது. ஐயர் வந்து பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்து, பிள்ளைக்குப் பெயர் வைத்து, வந்த சனம் சாப்பிட்டுப் போய், பின்னேரம் வீட்டில் நாங்கள் மட்டும் மிஞ்சினோம். நான் காத்திருந்த நேரம் அதுதான். கொக்குவிலில் இருக்கிற என்னுடைய ஸ்ரூடியோவில் இருந்து லைற் இரண்டையும் முதல் நாளே கொண்டுவந்து வைத்திருந்தேன். தாங்கியில் கமெராவைப் பூட்டி, பத்து செக்கனில் தானாகவே அடிக்கும்படி அமத்திவிட்டு, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்ச் சுகந்திக்குப் பக்கத்தில் இருந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பிள்ளை. ‘கிளிக்.’ என் வாழ்க்கையில் அதைவிட நல்ல படம் நான் எடுத்ததில்லை.

சுகந்தி கமெராவை வாங்கிப் பார்த்தாள். அவளுடைய முகம் விடிந்தது. பிறகு அப்படியே இருண்டது.

“இஞ்சருங்கோ, இதிலை எத்தினை பேர் இருக்கிறம்?”

“நீ, நான், பிள்ளை.”

“மூண்டு பேர்!”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மூன்று பேர் சேர்ந்து படம் எடுக்கக்கூடாது, எடுத்தால் நடுவில் இருக்கிற ஆளுக்குக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை இருக்கிறது. படம் எடுக்கப் போகிற வீடுகளில் எல்லாம் அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிருந்தது. “மூண்டு பேர் சேரக்கூடாது எண்டால் பேந்தென்னத்துக்கு மூண்டு சில்லு ஓட்டோவிலை வந்தனீங்கள்?” என்று பகிடி விட்டு, நாலாவதாக ஒரு சின்னப்பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டு எடுப்பேன். அப்படிப்பட்ட நான், என் வீட்டில், என் கையாலேயே மூன்று பேரை எடுத்துவிட்டேன்.

“பிள்ளை முழு ஆள் இல்லையப்பா” என்றேன் சமாளிக்க. “அரை ஆள். அப்ப ரெண்டரைதான்.”

“பஸ்ஸிலையோ போறம், அரை ரிக்கற் எடுக்க?”

“சரி, அப்ப படத்தை அழிச்சு விடுறன்.”

“பிள்ளை இருக்கிற படத்தை அழிக்கிறதோ? வாயைக் கழுவுங்கோ முதல்!”

“அப்ப கொம்பியூட்டரிலை வைச்சு இன்னொராளைச் சேர்த்து ஒட்டி விடுறன். கனடாவிலை இருக்கிற தமையன்மாரை எத்தினை கலியாணத்துக்கு அப்பிடி ஒட்டிக் குடுத்திருக்கிறன்!”

சுகந்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைக்கென்று வைத்திருக்கிற பார்வை அது. “படத்திலை ஆரையும் ஒட்டலாம். படம் எடுக்கேக்கை இதுக்குள்ளை உசிரோடை எத்தினை பேர் இருந்தது?”

நான் சிரித்துவிட்டு எழும்பிப் போனேன். சிரித்தது வாய் மட்டும்தான். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் நான் பிள்ளையின் மூக்குக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோய் நாலு தரம் மூச்சுப் பார்த்துவிட்டேன். (மூன்று தரத்தோடு நிறுத்தப் பயமாக இருந்தது.)

அடுத்த நாள் அச்சுவேலியில் கலியாணம். காலையில் நான் வெளிக்கிடும்போது, “பிள்ளையின்ரை உடம்பு கொஞ்சம் சுடுகிற மாதிரிக் கிடக்கு” என்றாள் சுகந்தி. தேர்மோமீற்றர் வைத்தோம். ஒன்றும் இல்லை என்றது. தேர்மோமீற்றர் பழுது என்றேன் நான். அதை எனக்கும் வைத்துப் பார்த்தோம். எனக்கும் ஒன்றும் இல்லை என்றது. அது பழுது என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

“போட்டு வாங்கோ. பயப்பிட ஒண்டுமில்லை” என்றாள் சுகந்தி. அதை அவள் சொன்ன குரலைக் கேட்டால் எவனுக்கும் பயம் வரும்.

வீட்டில் இருந்து அச்சுவேலி வரைக்கும் நான் மோட்டார் சைக்கிளில் எண்ணிக்கொண்டே போனேன். கண்ணில் பட்டதெல்லாம் மூன்றுதான். கோப்பாயில் மூன்று ஆடு வீதியைக் கடந்தன. நீர்வேலியில் ஒருவர் சைக்கிளில் மூன்று வாழைக்குலை கட்டிக்கொண்டு போனார். ஒன்றைக் கழற்றி வைக்கச் சொல்லிக் கேட்போமா என்றுகூட யோசித்தேன். புத்தூரில் என்னை முந்திப் போன ஓட்டோவுக்குள் மூன்று பேர். ஐயோ கடவுளே, அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் செய்துவிடாதே, என்ன தண்டனை என்றாலும் எனக்குத் தா என்று வாய்விட்டே கும்பிட்டேன். அதுவரை நான் கடவுளிடம் கேட்டது நல்ல வெளிச்சம் ஒன்றைத்தான்.

அச்சுவேலிக் கலியாணத்தில் பெண்ணின் தகப்பன் சிவபாதம் ஐயா, ஓய்வுபெற்ற தபாலதிபர். மனைவி காலமாகி ஏழு வருடம். ஒரே மகள் கௌசியைத் தனியாக வளர்த்தவர். மாப்பிள்ளை இலண்டனில் பிறந்து வளர்ந்தவர். கலியாணம் முடிந்து ஒரு மாதத்தில் கௌசியும் இலண்டன் போகிறாள். மனைவி இல்லாதபடியால் மணவறையில் சித்தப்பாவும் சித்தியும் இருந்து மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க, சிவபாதம் ஐயா ஒரு தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றார். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் எல்லாரும் பார்ப்பதற்கு, என்னுடன் வேலை செய்கிற வீடியோக்கார யோகன் அண்ணை கலியாணத்தை நேரலையில் விட்டுக்கொண்டு நின்றார். யோகன் அண்ணை அச்சுவேலிக்காரர். ஊரில் ஆர் ஆருடன் கதைக்கிறது, ஆர் கதைக்காமல் விட்டது என்கிற கணக்கெல்லாம் அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

தாலிகட்டை எப்படியோ எடுத்து முடித்தேன். அறுகரிசி போட்டு வாழ்த்தச் சனம் வரிசைக்கு வரும்போது பொக்கற்றுக்குள் இருந்த போனை எடுத்துப் பார்த்தேன். சுகந்தியிடமிருந்து அழைப்பு வந்து தவறியிருந்தது.

மூன்று தரம்.

திருப்பி எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பதில் இல்லை. இன்னொரு தரம். இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறாள், அதுதான் போனை எடுக்கவில்லை என்று என் மனம் ஒரு முழுப்படத்தையே ஓட்டிக் காட்டியது. கலியாணத்தை விட்டுவிட்டு ஓடலாம் என்றால் குடும்பப் படங்கள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. ஓடவும் ஏலாது, நிற்கவும் ஏலாது. அப்போது எனக்கு ஒரு விசர் எண்ணம் வந்தது. இனி ஒரு மூன்றை என் கையால் எடுத்தால் வீட்டில் பிள்ளை தப்பாது. எடுக்காமல் விட்டால் தப்பும். இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்காதீர்கள். அந்த நேரம் அது எனக்குப் பஞ்சாங்கத்தில் அச்சடித்த மாதிரித் தெளிவாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் நடந்துகொண்டதை வீடியோவில் பார்த்தால் இப்போதும் காது சுடும். “மாப்பிள்ளை பொம்பிளையோடை தனி ஆள் வரக்கூடாது! ரெண்டு ரெண்டாய் வாங்கோ! அன்ரி, நீங்கள் நில்லுங்கோ, இன்னொராள் வரட்டும்! மாப்பிள்ளைத் தோழன், கொஞ்சம் அங்காலை அரக்குங்கோ!” என்று பழைய தட்டிவான் பஸ்ஸின் கொண்டக்ரர் மாதிரிக் கத்தினேன். ஆளைக் கைபிடித்து இழுத்தேன். ஒரு கிழவரைத் தூக்காத குறையாகக் கொண்டுவந்து நிறுத்தினேன். இடைக்கிடை போனைக் காதில் வைத்தேன். மணிதான் அடித்தது.

அப்போதுதான் சிவபாதம் ஐயா தூணை விட்டுவிட்டு மெல்ல மேடைக்கு வந்தார். சால்வையைச் சரிசெய்துகொண்டு மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அந்தப் பக்கம் மாப்பிள்ளை, இந்தப் பக்கம் தகப்பன், நடுவில் கௌசி. மூன்று பேர். நடுவில் பிள்ளை.

“பொறுங்கோ ஐயா!” என்று கத்திவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். மேடைக் கரையில் ஒருவர் தனியாக நின்றார். பட்டு வேட்டி, சால்வை, நெற்றி நிறையத் திருநீறு. பார்த்தால் சொந்த மாமனார் மாதிரி.

“அண்ணை, நீங்கள் வாங்கோ!”

“இல்லைத் தம்பி, நான்…”

“வெக்கப்படாதேங்கோ அண்ணை, இதென்ன வேற ஆக்களே!”

கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சிவபாதம் ஐயாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். மண்டபம் திடீரென்று அமைதியாகிவிட்டது. என்னுடைய அவசரத்தைப் பார்த்துத்தான் சனம் அடங்கிவிட்டது என்று நினைத்தேன். தூரத்தில் யோகன் அண்ணை, நேரலைக் கமெராவை விட்டு வர ஏலாமல், இரண்டு கையாலும் வேண்டாம் வேண்டாம் என்று வீசினார். லைற் கூடிவிட்டது என்கிறாராக்கும் என்று நினைத்து, லைற்றைக் குறைத்தேன்.

“ஐயா, ஏன் விறைச்சுப்போய் நிக்கிறியள்? கிட்ட வாங்கோ. அண்ணையின்ரை தோளிலை கையைப் போடுங்கோ. ஆ, அப்பிடித்தான். சிரியுங்கோ!”

சிவபாதம் ஐயா கையைப் போட்டார். அந்தக் கை தோளில் படவில்லை, தோளுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் அந்தரத்தில் நின்றது. மற்றவர் மட்டும் வாய் நிறையச் சிரித்தார். படம் எடுத்து முடிய, ஒருவரையும் தெரியாத இலண்டன் மாப்பிள்ளை, இவரும் ஒரு மாமாவாக்கும் என்று நினைத்துச் சடாரென்று அவருடைய காலில் விழுந்தார். மாப்பிள்ளை விழுந்தால் பெண்ணும் விழத்தானே வேண்டும். கௌசியும் விழுந்தாள். அவரும் இரண்டு பேருடைய தலையிலும் கைவைத்து ஆசீர்வதித்தார். அதையும் நான் விடாமல் எடுத்தேன்.

யோகன் அண்ணை கடைசியில் கமெராவை ஆரிடமோ கொடுத்துவிட்டு ஓடிவந்து என் காதைக் கடித்தார்.

“டேய் விசரா, என்ன வேலையடா பாத்தனி? அவர் தருமலிங்கம். சிவபாதத்தாற்றை பக்கத்து வளவுக்காரன். வேலி வழக்கு! ரெண்டு வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதெண்டு பதினொரு வருசமாய்க் கோட்டிலை கிடக்கு. முகத்திலை முழிக்கிறேல்லை!”

“அப்ப ஏன் வந்தவர்?”

“மாப்பிள்ளையின்ரை தேப்பனோடை ஒண்டா வேலை செய்தவராம். அந்தப் பக்கத்தாலை கூப்பிட்டவை. பாவம், மனுசன் சத்தமில்லாமல் சாப்பிட்டிட்டுப் போக நிண்டது. நேரலைக்குக் கீழை, கனடாவிலை இருந்து சிவபாதத்தாற்றை தங்கச்சி எழுதியிருக்கிறா, ‘அண்ணை வழக்கிலை தோத்துப் போனாரோ?’ எண்டு!”

பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை. அதற்குப் பதிலாக என் பொக்கற்றில் போன் அடித்தது. சுகந்தி. நான் மண்டபத்துக்குப் பின்னால், சமையல் கிடாரங்கள் கழுவுகிற தண்ணீர்த் தொட்டியடிக்கு ஓடினேன்.

“என்ன? பிள்ளைக்கு என்ன? எந்த ஆஸ்பத்திரி?”

“ஏன் கத்துறியள்? பிள்ளை நித்திரை. எழும்பிவிடும் எண்டு போனின்ரை சத்தத்தைக் குறைச்சு வைச்சனான்.”

“அப்ப ஏன் மூண்டு தரம் எடுத்தனீ?”

“பிள்ளை சிரிச்சதப்பா!” என்றாள். “என்னைப் பாத்து, வாய் நிறைய. நித்திரைச் சிரிப்பில்லை, உண்மைச் சிரிப்பு. உடன உங்களுக்குச் சொல்லோணும் போலக் கிடந்தது. ஊருக்கெல்லாம் சிரி சிரி எண்டு சொல்லுற மனுசன், சொந்தப் பிள்ளை முதல் முதல் சிரிக்கேக்கை வீட்டிலை இல்லை.”

எனக்கு வந்தது அழுகை. சும்மா அழுகை இல்லை, விம்மி விம்மி. கிடாரம் கழுவிக்கொண்டிருந்த மனுசி எழும்பி, “ஆரும் செத்துப் போச்சினமே தம்பி?” என்று கேட்டா. நான் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு இன்னும் அழுதேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் சிவபாதம் ஐயா நிற்கிறார். முகம் கருகருவென்று இருந்தது. சால்வையை இறுக்கிக் கட்டியிருந்தார்.

“உவனை ஆர் மேடையிலை ஏத்தச் சொன்னது?”

பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். முப்பத்தொன்று, மூன்று பேர், நடுவில் பிள்ளை, தேர்மோமீற்றர், மூன்று அழைப்பு. “உங்கடை மகளும் நடுவிலை நிண்டவா ஐயா. எனக்குப் பயமாக் கிடந்தது” என்றேன். சொல்லும்போதே எவ்வளவு மடைத்தனம் என்று விளங்கியது. இனி அச்சுவேலிப் பக்கம் ஒரு கலியாணத்துக்கும் என்னைக் கூப்பிடமாட்டார்கள் என்பதும் விளங்கியது.

அவர் இறுக்கிக் கட்டிய சால்வையை அவிழ்த்துத் தோளில் போட்டார்.

“இப்ப பிள்ளை சுகமே?”

“ஓம் ஐயா. சிரிச்சதாம்.”

“அப்ப முகத்தைக் கழுவிப்போட்டு வா. சனம் பந்தியிலை இருக்குது, எடுக்கோணும்.”

அவ்வளவுதான். ஏச்சு வாங்கியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்று கிழமைக்குப் பிறகு அல்பத்துக்குப் படம் தெரிவுசெய்ய அவர் ஸ்ரூடியோவுக்கு வந்தார். கௌசி இலண்டன் போக இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது. நான் அந்தப் படத்தைக் கொம்பியூட்டரில் ஏற்கெனவே திருத்தி வைத்திருந்தேன். தருமலிங்கத்தை நூல் பிசகாமல் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கௌசியின் தாயை அவருடைய பழைய படம் ஒன்றில் இருந்து எடுத்து நிறுத்தியிருந்தேன். சேலை நிறம், நிழல், எல்லாம் பொருத்தம். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. நான் செய்த பிழைக்கு நானே கொடுக்கிற பரிகாரம் அது.

சிவபாதம் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். மனைவியின் முகத்துக்குக் கிட்ட விரலைக் கொண்டுபோனார், திரையில் தொடவில்லை.

“வடிவா நிக்கிறாள்” என்றார். பிறகு, “முந்தினதைக் காட்டு.”

காட்டினேன். தருமலிங்கம் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நின்றார்.

“இதையே போடு.”

“ஐயா, இதிலை அவர் நிக்கிறாரே!”

“தெரியுது. வேலியை அவன் தள்ளி நட்டவன்தான், அந்த வழக்கை நான் விடமாட்டன்.” விரலால் ஒவ்வொரு தலையாக எண்ணினார். “ஆனா என்ரை மனுசி உசிரோடை இல்லையடா தம்பி. இவளை எண்ணேலாது. எண்ணாட்டில் மூண்டு. நடுவிலை என்ரை பிள்ளை. அவ்வளவு தூரம் போறாள், அங்கை எனக்கு ஆரையும் தெரியாது. உவன் எப்பிடிப்பட்டவன் எண்டாலும் உசிரோடை இருக்கிறான். உவன் நிக்கட்டும்.”

“ஐயா, உதெல்லாம் நீங்கள் நம்பிறனீங்களே?”

“சீ, ஆர் நம்பினது?” என்றார் கோபமாக. “பிள்ளை விசயம்.”

அவர் போன பிறகு கடையைப் பூட்டிவிட்டு நேரே வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இந்தப் பயம் முப்பத்தொன்றோடு கழியாது, கலியாணம் கட்டிக் கொடுத்தாலும் கழியாது என்று.

எங்கள் வீட்டில் ‘நாலாவது ஆள்’ என்பதற்கு இப்போது தருமலிங்கம் என்றுதான் பெயர். எங்கே படம் எடுக்க நின்றாலும் “தருமலிங்கம் ஆர்?” என்று சுகந்தி கேட்பாள். பக்கத்து வீட்டுப் பூனைகூட ஒரு தரம் தருமலிங்கமாக இருந்திருக்கிறது. ஆதிரை இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தாள்.

போன வருடம் அவளுடைய முன்பள்ளியில் விளையாட்டுப் போட்டி. கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடுகிற ஓட்டத்தில் ஐந்து பேர் ஓடி, ஆதிரை ஐந்தாவதாக வந்தாள். வென்ற பிள்ளைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்ட பெட்டிகளில் ஏறி நிற்க, நான் கமெராவைத் தூக்கினேன். அமத்தப் போகிற நேரம் சனத்துக்குள்ளால் ஒரு சின்ன உருவம் ஓடிவந்து, பெட்டி இல்லாமல், பதக்கம் இல்லாமல், கரையில் வந்து நின்று வாய் நிறையச் சிரித்தது.

ரீச்சர் ஓடிவந்து, “ஆதிரை, நீர் இங்காலை வாரும், உமக்குப் பரிசில்லை” என்றா.

“எனக்கு வேண்டாம் ரீச்சர்” என்றாள் என் மகள். “அவை மூண்டு பேர் தனிய நிக்கினம். நடுவிலை நிக்கிற பிள்ளை பாவம்.”

பெற்றோர் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுகந்தி தலையில் கைவைத்தாள். என் கண் கமெராவுக்குப் பின்னால் இருந்தபடியால் ஒருவரும் காணவில்லை. நான் நாலு பேரையும் எடுத்தேன்.